"16ஆம் நூற்றாண்டு பப், வீட்டுச் சமையல்" என்று போட்டிருக்கிறார்களே, நம்பிப் போகலாமா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறார். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கல்வீட்டுக் கிராமங்கள் இருக்கிற காட்ஸ்வோல்ட்ஸ் மலைப் பக்கம் காரில் கூட்டிக்கொண்டு போகிறார், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கிராமத்து பப்பைப் பார்த்து வைத்திருக்கிறார். அந்த பப் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இரண்டே விஷயம்: 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பாரம்பரியமான வீட்டுச் சமையல். இதெல்லாம் நிஜமா, இல்லை டூரிஸ்டுகளுக்குக் காட்டுகிற படமா என்று கேட்டிருக்கிறார். கூடவே கடைசியில், போகிற போக்கில், அம்மா சைவம், முட்டைகூடத் தொடமாட்டார் என்றும், அப்பா பப் என்றாலே சாராயக்கடை என்று முகம் சுளிக்கிறார் என்றும் ஒரு வரி. என் கணக்கில் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். வயசான இரண்டு பேரை ஒன்றரை மணி நேரம் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், அங்கே அம்மா வெறும் ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டுவிட்டு "எனக்குப் பசிக்கலப்பா" என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதானே?

நான் 14 வருஷம் சாமர்செட்டிலும் வில்ட்ஷரிலும் கிராமத்து பப் சமையலறைகளில் வேலை பார்த்தவன். பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, கடைசி ஐந்து வருஷம் ஒரு பப்பின் அடுப்படி முழுக்க என் பொறுப்பில் இருந்தது. அதனால் சாப்பாடு பற்றிச் சொல்வதை அடித்துச் சொல்வேன். கட்டடம், வரலாறு எல்லாம் வேலை பார்த்த இடங்களில் ஆர்வம் வந்து படித்துத் தெரிந்துகொண்டது, அதில் நான் பண்டிதன் இல்லை. வடக்கே யார்க்ஷர், கம்ப்ரியா பக்கமெல்லாம் சாப்பிடப் போயிருக்கிறேனே தவிர அடுப்படியில் நின்றதில்லை, அந்தப் பக்கத்துக்காரர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற பப்பில் நான் கால் வைத்ததில்லை என்பதால் அதற்குத் தீர்ப்பு எழுதப்போவதில்லை. எதை எதைப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் வயசு. 16ஆம் நூற்றாண்டு என்று ஒரு பப் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம், அது அடக்கமான கணக்கு. காட்ஸ்வோல்ட்ஸில் கல் மலிவாகக் கிடைத்தது, கம்பளி வியாபாரத்தில் காசு புரண்டது, அந்தக் காலத்து வீடுகள் ஊருக்கு ஊர் இன்னும் நிற்கின்றன. சந்தேகப்பட வேண்டியது 800, 900 என்று வருஷம் போடுகிற பப்களைத்தான். செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு பப் 793 என்கிறது. காட்ஸ்வோல்ட்ஸிலேயே ஸ்டோ-ஆன்-தி-வோல்டில் ஒன்று 947 என்கிறது. நாட்டிங்ஹாமில் கோட்டைப் பாறையைக் குடைந்த குகைகளோடு இருக்கிற 'டிரிப் டு ஜெருசலேம்' தன் சுவரிலேயே 1189 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறது. அது முதலாம் ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்த வருஷம், சிலுவைப் போருக்குப் போகிற வழியில் வீரர்கள் இங்கே குடித்துவிட்டுப் போனார்கள் என்று கதை. குகைகள் பழையவைதான், ஆனால் இப்போது நிற்கிற கட்டடம் 17ஆம் நூற்றாண்டு. செயின்ட் ஆல்பன்ஸ்காரர்களின் கதை இன்னும் சுவாரசியம்: எட்டு மூலையாக இருக்கிற அந்தக் கட்டடம் முதலில் மடாலயத்தின் புறாக்கூண்டு, 1539ல் மடாலயம் மூடப்பட்ட பிறகுதான் இப்போது இருக்கிற இடத்துக்கு வந்தது. இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது என்று கின்னஸ் சாதனைப் புத்தகக்காரர்களே 2000ஆம் ஆண்டில் 'மிகப் பழைய பப்' என்கிற தலைப்பை எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டடத்தின் வயசு வேறு, அது பப்பாக இருக்கிற வயசு வேறு. 1580ல் கட்டிய வீடு 1830 வரை விவசாயி வீடாக இருந்திருக்கலாம். ஏன் 1830 என்றால், அந்த வருஷம் வந்த பியர் சட்டத்தின்படி வரி கட்டுகிற எவரும் 2 கினி செலுத்தினால் தன் வீட்டிலேயே பியர் விற்கலாம் என்று ஆயிற்று, கிராமங்களில் எத்தனையோ வீடுகள் ஒரே ராத்திரியில் கடையாக மாறின. அதற்கு முன்னால், ஏல் என்கிற பழைய வகைப் பியரை விற்க உள்ளூர் நீதிபதிகளிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்கிற சட்டம் வந்தது 1552ல். ஆகவே 1300களிலிருந்து எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று ஒரு பப் சொன்னால், எந்த லைசென்ஸ் என்று கேட்கத் தோன்றவேண்டும்.

சரிபார்ப்பது சுலபம். இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஊர்ப்பெயரையும் பப் பெயரையும் போட்டுத் தேடினால் ஒரு சின்னப் பத்தி வரும்: 17ஆம் நூற்றாண்டின் கடைசி, 19ஆம் நூற்றாண்டில் முகப்பு மாற்றப்பட்டது, இந்த மாதிரி. பப்காரர் சொல்வதைவிட அது நம்பகமானது. நேரில் போனால் உத்தரத்தைப் பாருங்கள். நிஜமான ஓக் உத்தரம் கோணல்மாணலாக இருக்கும், கைக்கோடாலி வெட்டிய தடம் தெரியும், இப்போது எதுவும் செருகப்படாத காலித் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளைக் காட்டி "இது பழைய கப்பலிலிருந்து எடுத்த மரம்" என்று உங்களிடம் நிச்சயம் யாராவது சொல்வார்கள், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் சொல்வார்கள். பெரும்பாலும் அது வேறொரு வீட்டை இடித்தபோது எடுத்த மரம், அவ்வளவுதான். தேவாலயத்துக்குச் சுரங்கப்பாதை, மாடியில் பேய், வழிப்பறிக்காரன் டிக் டர்பின் ஒரு ராத்திரி தங்கினான், இந்த மூன்றும் மெனு கார்டோடு வருகிற இலவச இணைப்பு. ரசித்துக் கேளுங்கள். உத்தரம் நூல் பிடித்த மாதிரி நேராக, தார் பூசியது போல ஒரே கறுப்பாக, எதையும் தாங்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் அது 1920, 30களின் வேலையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் பியர் கம்பெனிகள் செங்கல் கட்டடத்தின் மேல் மரப்பலகை அடித்து டியூடர் காலத்து வீடு மாதிரி நிறையக் கட்டினார்கள்.

அப்பாவுக்கு நான் என்ன சொல்வேன் என்றால், இதைச் சத்திரத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவிலான ஒன்றாக நினைத்துக்கொள்ளச் சொல்வேன். பப் என்பதே 'பொதுவீடு' என்பதன் சுருக்கம். பழைய இங்கிலாந்தில் மூன்று விதம் இருந்தது. ஏல் வீடு என்றால் நிஜமாகவே ஒரு வீடு, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான் ஏல் காய்ச்சுவாள், காய்ச்சி முடித்ததும் வாசலில் ஒரு கம்பில் தழைக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுவாள், ஊரார் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். டாவர்ன் என்றால் பட்டணத்தில் திராட்சை மது விற்கிற இடம், கொஞ்சம் காசுள்ளவர்களுக்கு. இன் என்பதுதான் சத்திரம், படுக்கையும் சாப்பாடும் குதிரைக்கு லாயமும் உண்டு. சாமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்கிற கிராமத்தில் 'ஜார்ஜ் இன்' இருக்கிறது, நான் வேலை பார்த்த ஊர்களிலிருந்து கிட்டம், லீவு நாளில் அடிக்கடி போய் உட்கார்ந்திருக்கிறேன். கீழ்த்தளம் கல், மேலே இரண்டு தளம் மரச்சட்டம், ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிடக் கொஞ்சம் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இருந்த ஹின்டன் மடத்துத் துறவிகளுடைய சொத்து அது, அந்த ஊரில் கம்பளிச் சந்தை கூடும். 1668 ஜூன் மாதம், நாட்குறிப்பால் பேர்போன சாமுவேல் பீப்ஸ் தன் மனைவி, வேலைக்காரர்களோடு பாத் நகரத்துக்குப் போகிற வழியில் இந்த ஊரில் சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதி, 10 ஷில்லிங் ஆனது என்றும் மறக்காமல் எழுதினார். குடும்பத்தோடு பிரயாணம் போகிறவன் வழியில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிற இடம், நீங்கள் செய்யப்போவதும் அதேதான். அதே சத்திரத்தில் 1685ல் கலகம் செய்த மன்மத் பிரபு வந்து தங்கினார் என்பது இன்னொரு கதை, அதற்கு இங்கே இடமில்லை.

அடுத்தது 'பாரம்பரிய' உணவு. இங்கேதான் பலருக்கும் ஆச்சரியம். கட்டடம் 400 வருஷம் என்றால் சாப்பாடும் 400 வருஷம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கிராமத்து ஏல் வீட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிடைத்தால் பெரிசு. உட்கார்ந்து தட்டு போட்டுச் சாப்பிடுகிற பழக்கம் சாதாரண பப்களுக்குப் பரவலாக வந்தது 1960களுக்கு அப்புறம்தான். 'உழவன் மதிய உணவு' என்று மெனுவில் இருக்குமே, ஒரு பலகையில் செடார் பாலாடைக்கட்டி, ரொட்டி, வெங்காய ஊறுகாய், சட்னி, ஆப்பிள் துண்டு, அதைப் பார்த்தால் ஏதோ ஏர் உழுதவன் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். சாப்பிட்டான்தான், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எந்தக் காலத்திலும் உழைப்பாளி சாப்பாடு. ஆனால் அந்தப் பெயரை வைத்து பப்களில் பரப்பியது பாலாடைக்கட்டி விற்பனையைக் கூட்ட நினைத்த ஒரு வணிக அமைப்பு, 1950களில். 60களில் பால் வாரியம் அதை இன்னும் ஊதிப் பெரிசாக்கியது. அப்புறம் 1967ல் குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று மூச்சுச் சோதனை வந்தது, காரில் வந்து குடிக்கிற கூட்டம் குறைந்தது. 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை. பியரில் கிடைக்கிற லாபமும் தேய்ந்துகொண்டே போனது. கிராமத்து பப் மூடாமல் இருக்க வேண்டுமென்றால் சமைத்தே ஆகவேண்டும் என்கிற நிலை. பழைய மொந்தையில் புதிய கள் என்று சொல்லலாம். அதற்காக இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஞாயிறு ரோஸ்ட் என்கிற ஓவனில் வறுத்த இறைச்சிச் சாப்பாடு, மாவு உறைக்குள் இறைச்சியோ காயோ வைத்துச் சுட்ட பை, புட்டிங் எல்லாம் வீடுகளில் நிஜமாகவே பழசு, யார்க்ஷர் புட்டிங் 1747ல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகத்திலேயே இருக்கிறது. வீட்டில் இருந்தது பப்புக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, 'வீட்டுச் சமையல்' என்கிற வார்த்தை. கசப்பாகச் சொல்ல வேண்டியது இங்கேதான். வீட்டில் செய்தது என்று போட்டால், அடிப்படைப் பொருள்களிலிருந்து அந்த இடத்திலேயே செய்திருக்க வேண்டும் என்று உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதல் இருக்கிறது. அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. வாங்குபவரை ஏமாற்றுவது சட்டப்படி குற்றம் என்றாலும், தட்டில் இருக்கிற பையை யார் செய்தது என்று எவர் போய் வழக்குப் போடுகிறார்? நான் முதலில் சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், செவ்வாய்க்கிழமை காலையில் ஃப்ரீசர் வேன் வரும். பை, லசான்யா, சாஸோடு பிளாஸ்டிக் உறையில் அடைத்த ஆட்டுக்கால், எல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கும். வெளியே கரும்பலகையில் என் கையாலேயே, எழுத்து அழகாக இருக்கிறது என்று என்னை எழுதச் சொல்வார்கள், 'எங்கள் வீட்டுச் சமையல் பை' என்று எழுதியிருக்கிறேன். மேலாளரிடம் ஒருநாள் கேட்டேன். "சூடு பண்ணுவது இங்கேதானே" என்றார். அந்த ஆள் கெட்டவர் இல்லை, சமையல்காரருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. கட்டடம் ஒரு கம்பெனியுடையது, வாடகையும் அவர்களுக்கு, பியரும் அவர்கள் சொல்கிற விலைக்கு அவர்களிடமே வாங்கவேண்டும் என்கிற ஒப்பந்தத்தில் நிறைய பப்கள் ஓடுகின்றன. கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? மெனுவை எண்ணுங்கள். எட்டு, பத்து உணவு இருந்தால் யாரோ சமைக்கிறார்கள். லசான்யா, தாய் கறி, பர்கர், மீன், பை, ஸ்டேக், பாஸ்தா என்று 40 உணவு இருந்து, கிராமத்தில் ஒற்றைச் சமையலறையில், பகல் 11 மணியிலிருந்து ராத்திரி 10 வரை எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்றால், ஃப்ரீசரும் மைக்ரோவேவும் சமைக்கின்றன. மதியம் 12லிருந்து 2.30, சாயங்காலம் 6லிருந்து 9, திங்கள் விடுமுறை என்று முரண்டு பிடிக்கிற இடத்தில் பெரும்பாலும் மனுஷர் சமைக்கிறார். (மதியத்துக்கு மேல் மூடுகிற பழக்கம் முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வரக்கூடாது என்று கொண்டுவந்தது, சட்டம் 1988ல்தான் தளர்ந்தது. பாரை விட்டுப் போன அந்தப் பழக்கம் அடுப்படியை விட்டு இன்னும் போகவில்லை என்பது என் அபிப்பிராயம்.) மெனுவில் ஏதாவது ஒன்று அடிக்கப்பட்டு, தீர்ந்துவிட்டது என்று இருந்தால் நல்ல சகுனம். டிசம்பரில் ஆஸ்பரகஸ் இருந்தால் கெட்ட சகுனம், இங்கே அது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரைக்கும்தான். பக்கத்து மேஜைக்குப் போகிற இரண்டு பைகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே மடிப்போடு இருக்கின்றனவா? கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, மேலே தனியாகச் சுட்ட சதுரப் பஃப் பேஸ்ட்ரியைத் தொப்பி மாதிரி வைத்திருக்கிறார்களா? அதை நான் பை என்று ஒப்புக்கொள்வதில்லை, அது என் தனிப்பட்ட வம்பு, விட்டுவிடுங்கள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, ரோஸ்ட் மேல் ஊற்றுகிற கிரேவி. நிஜமாகச் சமைக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கிரேவி வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிடும். எலும்பை ஓவனில் சிவக்க வறுத்து, வெங்காயம் கேரட் செலரியோடு பெரிய டபராவில் போட்டு, ராத்திரி முழுக்கக் கொதியும் இல்லாமல் ஆறவும் விடாமல் மெல்ல முனகிக்கொண்டிருக்கும்படி தீயை வைக்க வேண்டும். சனிக்கிழமை வடிகட்டிக் குளிரில் வைத்தால் அப்படியே ஜெல்லி மாதிரி உறைந்துவிடும், கரண்டியால் தட்டினால் ஆடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சுண்டவைத்து, இறைச்சி வறுத்த தட்டில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சேர்ப்போம். தட்டில் ஊற்றினால் தண்ணியாகத்தான் தெரியும், வாயில் வைத்தால் உதடு ஒட்டும். தூளைக் கரைத்த கிரேவி பளபளவென்று திக்காக, ஆறினாலும் அதே திக்காக, டெவனில் சாப்பிட்டாலும் டர்ஹமில் சாப்பிட்டாலும் ஒரே ருசியாக இருக்கும்.

யார்க்ஷர் புட்டிங் மாவை முந்தின ராத்திரியே கரைத்து வைத்துவிடுவேன், முட்டை, மைதா, பால் மூன்றும் ஒரே அளவு, உப்பு ஒரு சிட்டிகை. தோசை மாவு மாதிரி புளிக்க வைப்பதற்கு இல்லை, மாவு ஊறி நிதானத்துக்கு வருவதற்கு. காலையில் குழித்தட்டுகளில் மாட்டுக் கொழுப்பை விட்டு 220 டிகிரியில் புகை வரும்வரை காயவிட்டு, மாவைச் சட்டென்று ஊற்றினால் பணியாரக் கல்லில் ஊற்றுகிற அதே சத்தம் வரும். ஓவன் கதவை 20 நிமிஷம் யாரும் திறக்கக் கூடாது. திறந்த ஒரு பையனை நான் என்ன திட்டினேன் என்று எழுத முடியாது, தமிழில் திட்டியதால் அவனுக்கும் புரியவில்லை.

சரி, இப்போது அம்மா விஷயம். மேலே சொன்னதை ஊன்றிப் படித்திருந்தால் உங்களுக்கே உறைத்திருக்கும்: ஒரு பப் எவ்வளவு நேர்மையாகச் சமைக்கிறதோ, அவ்வளவுக்கு அது அம்மாவுக்கு ஆபத்து. இந்த நாட்டுப் பழைய சமையலே மாட்டுக் கொழுப்பின் மேல் நிற்கிறது. ரோஸ்ட் உருளைக்கிழங்கு, பார்க்க ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி இருக்கும், மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுத்தது. வேகவைத்த புட்டிங்குகளில் பாதிக்கு சூயட் போடுவார்கள், அது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கிற கொழுப்பு. சிப்ஸ் எண்ணெயில் பொரித்ததாகவே இருந்தாலும் சின்னச் சமையலறையில் ஒரே எண்ணெய்ச் சட்டிதான், மீனும் அதில்தான் விழும். காய்கறி சூப் என்று போட்டிருப்பதற்குக் கோழி எலும்புத் தண்ணியாக இருக்கலாம். வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரி ஒரு மீன் இருக்கிறது. காளான் பை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், மேலே பளபளப்புக்கு முட்டை தடவியிருப்பார்கள், உள்ளே ஊற்றின ஏல் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளால் தெளியவைத்ததாக இருக்கலாம். கொட்டைப்பருப்பு ரோஸ்ட் என்று சைவர்களுக்கென்றே செய்வது, உதிராமல் இருக்க அதிலும் முட்டை. பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டி வயிற்று நொதியும் உண்டு, சைவ நொதியும் உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நான் மேலே கிண்டல் பண்ணிய பாக்கெட் கிரேவித் தூளில் பல வகைகளில் இறைச்சியே கிடையாது. கஸ்டர்டும் அப்படித்தான். கையால் செய்தால் முட்டை மஞ்சள் கரு நிறைய விழும். தகர டப்பாவிலிருந்து வருகிற கஸ்டர்ட் பவுடரை 1837ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் கண்டுபிடித்ததே தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால்தான், அதில் சோளமாவுதான் வேலை செய்கிறது.

அதற்காக ஃப்ரீசர் பப்புக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லவில்லை. பெட்டியில் வந்ததிலிருந்து முட்டையை எடுக்க முடியாது. சமைக்கிறவனால் முடியும், முன்கூட்டியே தெரிந்தால். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, 90 தட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது வந்து கேட்டால் எரிச்சல்தான் வரும், என்னைக் கேட்டாலும் வந்திருக்கும். புதன் அல்லது வியாழக்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில் ஃபோன் செய்யுங்கள், அப்போதுதான் அடுப்படி ஓய்ந்திருக்கும். 'வெஜிடேரியன்' என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தாதீர்கள், இங்கே அதற்குள் முட்டை அடக்கம். 'வீகன்' என்று சொல்லிவிட்டு, பால், வெண்ணெய், தயிர் பரவாயில்லை என்று சேர்த்துச் சொல்வது சுலபம். 2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருள்கள் எந்த உணவில் இருக்கின்றன என்று வாடிக்கையாளருக்குச் சொல்வது கட்டாயம், முட்டையும் மீனும் பாலும் அந்தப் பட்டியலில் உண்டு, அதனால் சமையலறையில் ஒரு கோப்பு இருக்கும், அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். ஆனால் மாட்டுக் கொழுப்பு ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. அதை நீங்களாக வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு: உருளைக்கிழங்கு எதில் வறுக்கிறீர்கள், அம்மாவுக்கு மட்டும் ஒரு கைப்பிடி தனியாக எண்ணெயில் வறுத்துத் தரமுடியுமா? இப்படிக் கேட்டவர்களுக்கு நான் மறுத்ததே இல்லை. காலிஃபிளவர் சீஸ் முட்டையில்லாமல் வெள்ளைச் சாஸில் செய்வதுதான், வெண்ணெய் போட்ட முட்டைக்கோஸ், கேரட், அந்த உருளைக்கிழங்கு, வயிறு நிறையும். மெனுவில் 'மல்லிகடானி சூப்' கண்ணில் பட்டால் அம்மாவிடம் காட்டுங்கள், நம்ம மிளகுத்தண்ணிதான் மதராஸிலிருந்து கப்பலேறி வந்து இப்படி ஆகியிருக்கிறது. குடிக்கவேண்டாம், பெரும்பாலும் கோழி போட்டிருப்பார்கள்.

அப்பாவுக்கு இரண்டு விஷயம் போதும். உட்கார்ந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று பதற வேண்டாம். நிறைய பப்களில் மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு நீங்கள்தான் பாருக்கு எழுந்துபோய்ச் சொல்லிப் பணம் கட்டவேண்டும், கையை ஆட்டிக் கூப்பிடக் கூடாது, அடுத்தது யார் என்று கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்குத் தெரியும். குடிக்காமல் இருந்தால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கமாட்டார்கள், பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி டீ குடித்துக்கொண்டிருப்பார், காலடியில் சேற்றுக் காலோடு ஒரு நாய் படுத்திருக்கும். நாய் பிடிக்காது என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், நாய் வராத அறையில் இடம் போடுவார்கள். குளிர்காலம் என்றால் கணப்புக்குப் பக்கத்து மேஜை கேளுங்கள், ஆனால் ரொம்பப் பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் வெந்துவிடும். நிலைப்படி தாழ்வாக இருக்கும், அப்பா உயரம் என்றால் தலை பத்திரம்.

மேஜை 12.30க்குப் போடுங்கள், 2 மணிக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். இனிப்புக்கு ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், அதில் முட்டை உண்டு, அது உங்களுக்கும் அப்பாவுக்கும். அம்மாவுக்கு ஆப்பிள் கிரம்பிள், மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்துப் போட்டது, ஓட்ஸ் சேர்ப்பவர்களும் உண்டு, முட்டை பெரும்பாலும் இருக்காது, ஃபோனிலேயே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, கஸ்டர்ட் நீங்களே செய்கிறீர்களா, டப்பாவா என்றும் கேளுங்கள். "நாங்களே செய்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னால், அம்மாவுக்கு மட்டும் டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த பப் சமையலறையிலும் அலமாரியின் மேல்தட்டில் ஒன்று ஒளிந்திருக்கும், என்னிடமும் இருந்தது.